இங்கே விற்று அங்கே வாங்குதல்: இரண்டு கிரயங்களுக்கு இடைப்பட்ட காலம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், வாளையாறு போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் கல்லூரிக்காகவோ பெற்றோரின் மருத்துவத்துக்காகவோ கோயம்புத்தூர்ப் பக்கம் குடிபெயர நினைக்கின்றன. கையில் இருக்கும் பெரிய சொத்து இப்போது குடியிருக்கும் வீடுதான் என்பதால், அதை விற்றுத்தான் குனியமுத்தூரிலோ கோவைப்புதூரிலோ மதுக்கரையிலோ வீடு வாங்க வேண்டியிருக்கிறது. கோவையிலிருந்து பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவின் தோப்புகளுக்கு இடையே வீடு தேடி வருவோரும் உண்டு. திசை எதுவானாலும் அவர்கள் முதலில் கேட்பது, என்ன விலைக்குப் போகும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையே. விலையைப் பற்றிச் சொல்ல அக்கம்பக்கத்தாரும் தரகர்களும் இருக்கிறார்கள். எந்தக் கிரயம் எந்தத் தேதியில் நடக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி தாங்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பல குடும்பங்கள் நல்ல விலைக்கு விற்றும் நல்ல வீட்டை வாங்கியும் கடனில் சிக்குவதற்கு அந்த இடைவெளியே காரணமாகிறது. ஆகவே இக்கட்டுரை விலையை விட்டுவிட்டுக் காலத்தை மட்டும் விளக்குகிறது.

இந்த இடைவெளியில் இரண்டு சிக்கல்கள் அடங்கியுள்ளன. முதலாவது பண இடைவெளி: புதிய வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளில் பழைய வீட்டின் பணம் கைக்கு வராமல் இருப்பது. இரண்டாவது கூரை இடைவெளி: பழைய வீட்டின் சாவியைக் கொடுத்த நாளில் புதிய வீட்டின் சாவி கிடைக்காமல் இருப்பது. முதலில் விற்றால் கூரை இடைவெளி வரும். முதலில் வாங்கினால் பண இடைவெளி வரும். இரண்டையும் முழுமையாக ஒழிக்க முடிவது மிக அரிது. எது நமக்குத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வதுதான் செய்யக்கூடியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு குடும்பத்தின் வீடு 48 லட்சம் ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டின் மேல் 9 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது. தரகு 2 சதவீதம் என்றால் 96,000 ரூபாய். இவை போகக் கையில் நிற்பது 38 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய். வாங்க நினைக்கும் குனியமுத்தூர் வீட்டின் விலை 72 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆக 9 சதவீதம், அதாவது 6 லட்சத்து 48 ஆயிரம். தரகு 2 சதவீதம் 1 லட்சத்து 44 ஆயிரம். மொத்தத் தேவை 79 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய். பழைய வீட்டின் பணம் போக ஏறத்தாழ 42 லட்சம் கடன் வாங்கினால் போதும். எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுத் தவணை மாதம் சுமார் 36,500 ரூபாய் வரும். இரண்டு சம்பளம் உள்ள குடும்பத்துக்கு இது எட்டாத தொகை அன்று.

ஆனால் இந்தக் கணக்கு பழைய வீடு விற்று முடிந்த பிறகே செல்லும். விற்கும் முன்பே புதிய வீட்டைப் பதிவு செய்ய நினைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது. 72 லட்சத்தில் 80 சதவீதம் 57 லட்சத்து 60 ஆயிரம். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த மதிப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எனவே மீதமுள்ள 22 லட்சத்து 32 ஆயிரம் ரூபாயைக் குடும்பம் சொந்தமாகப் புரட்ட வேண்டும். தவணையும் மாதம் 50,000 ரூபாயை நெருங்கும்; பழைய கடனின் தவணையும் கூடவே ஓடும். இரண்டு தவணைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே வங்கி தகுதியைக் கணக்கிடும் என்பதால், முழு 57 லட்சத்து 60 ஆயிரமும் கிடைக்காமல் போகவும் வாய்ப்புண்டு.

இப்போது இடைவெளியின் விலையைப் பார்க்கலாம். முதலில் வாங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து விற்றால், பழைய வீட்டில் முடங்கிக் கிடக்கும் 38 லட்சத்துக்கு ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்தாலும் 1 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் செலவாகிறது. முதலில் விற்றுவிட்டு ஆறு மாதம் மாதம் 15,000 ரூபாய் வாடகையில் இருந்தால் 90,000 ரூபாயும், இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் செலவும் ஆகும். இந்த இரண்டு செலவுகளும் தெரிந்த செலவுகள். கணக்கில் எழுதி வைக்கலாம். தெரியாமல் வருவது மூன்றாவது செலவு. புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கெடு நெருங்க நெருங்கப் பழைய வீட்டை எந்த விலைக்காவது தள்ளிவிடும் நிலைமை வருகிறதே, அதுதான் பெரிய இழப்பு. 48 லட்சம் மதிப்புள்ள வீட்டை அவசரத்தில் 45 லட்சத்துக்குக் கொடுத்தால், மேலே சொன்ன வட்டியையும் வாடகையையும் கூட்டினாலும் அந்த 3 லட்சத்துக்கு ஈடாகாது.

ஆகவே கையில் பெரிய சேமிப்பு இல்லாத குடும்பம் முதலில் விற்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். முதலில் வாங்குவது, பழைய வீடு ஓராண்டு விற்காமல் போனாலும் இரண்டு தவணைகளையும் கட்டக்கூடியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். வயதான பெற்றோரையோ பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையையோ வாடகை வீட்டுக்கு மாற்றுவது எளிதன்று என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தச் சிரமத்தைப் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே தீர்க்க வழி இருக்கிறது. அதை அடுத்துப் பார்ப்போம்.

தேதிகளை ஒப்பந்தத்தில் வைப்பது எப்படி

வீடு விற்பனை ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. அச்சாரம், கிரய ஒப்பந்தம், கிரயப் பத்திரப் பதிவு, சாவி ஒப்படைப்பு என்ற நான்கு நாட்கள் அதில் உள்ளன. இந்த நான்கையும் தனித்தனியாக நகர்த்த முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், இரண்டு வீடுகளின் எட்டு நாட்களையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அடுக்க முடியும். நம் மக்களில் பலர் பதிவையும் சாவியையும் ஒரே நாளாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பதிவு நாளில்தான் சாவியும் கைமாற வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. இருவரும் எழுதிக்கொண்டால் சாவி பின்னர் மாறலாம்.

விற்கும் வீட்டின் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறவேண்டிய முதல் சலுகை இதுவே: பதிவு முடிந்த பிறகும் நாற்பத்தைந்து அல்லது அறுபது நாள் அதே வீட்டில் குடியிருக்க அனுமதி. வாங்குபவர் தயங்குவார், அது நியாயமே. அவருக்கு நம்பிக்கை தர, விலையில் ஒரு சிறு பகுதியை, மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒன்று அல்லது இரண்டு லட்சத்தை, சாவி கொடுக்கும் நாளில் பெற்றுக்கொள்வதாக எழுதலாம். அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு நியாயமான வாடகையும் கொடுக்கலாம். இப்படிச் செய்தால் பணம் முதலில் வந்துவிடுகிறது, கூரை இடைவெளியும் அடைபடுகிறது. இவ்வளவு பயனுள்ள இந்த ஏற்பாட்டை மிகச் சிலரே கேட்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

வாங்கும் வீட்டின் ஒப்பந்தத்தில் நிலைமை தலைகீழாகும். அங்கே நாம் கேட்க வேண்டியது நீண்ட கெடு. மூன்று மாதம் என்று வழக்கமாக எழுதுவார்கள்; விற்பனை இன்னும் முடியாத நிலையில் ஆறு மாதம் கேட்பது நல்லது. பழைய வீட்டின் பதிவு குறிப்பிட்ட தேதிக்குள் நடக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான விற்பனையாளர்கள் அதற்கு இணங்குவதில்லை. ஆனால் சற்றுக் கூடுதலான அட்வான்ஸுக்கு ஈடாக நீண்ட கெடுவுக்கு இணங்குபவர்கள் உண்டு. கெடு குறைவாகவும் அட்வான்ஸ் அதிகமாகவும் கேட்கும் விற்பனையாளரிடம், எவ்வளவு அழகான வீடானாலும், பழைய வீட்டை விற்காமல் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் எழுதிய பிறகே புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது என்ற வரிசையைக் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டு, அதை மீறாமல் இருப்பது மற்ற எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பானது.

ஒப்பந்தத்தின் சட்டத் தன்மையையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை. வாங்குபவருக்கு உரிமை கிரயப் பத்திரத்தால்தான் வருகிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். கேரளத்துச் சொத்துக்கும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. வெள்ளைத் தாளில் எழுதிய அச்சாரச் சீட்டை நம்பி இன்னொரு மாநிலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் பொறுப்பேற்க வேண்டாம். மேலும், அசையாச் சொத்து ஒப்பந்தங்களில் குறித்த காலத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றங்கள் தாமாக அனுமானித்துக்கொள்வதில்லை. எனவே கெடு முக்கியம் என்பதையும், தவறினால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நம் வீட்டை வாங்குபவர் கெடு கடந்தும் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று இழுத்துக்கொண்டே போகலாம். அந்த ஒவ்வொரு மாதமும் நம்முடைய புதிய வீட்டின் கெடுவிலிருந்து கழிந்துகொண்டிருக்கும்.

அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2015 ஜூன் முதல், அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம். வங்கி வழியாக வரும் அட்வான்ஸுக்கு இன்னொரு பயனும் உண்டு. புதிய வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நம் பங்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்தக் கணக்கு வரவே சான்றாகிறது.

இரண்டு பதிவுகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் பத்திரம் பதிவாக வேண்டும் என்பது 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் பொது விதி. காலையில் சித்தூர் தாலுக்காவில் ஒரு பதிவும் மாலையில் கோவையில் ஒரு பதிவும் தொலைவைப் பொறுத்தவரை முடியாதவை அல்ல. ஆனால் வாங்குபவரின் வங்கிக் காசோலை கணக்கில் சேரவேண்டும், இரண்டு மாநிலங்களின் இணையதளங்களும் அன்று தடையின்றி இயங்க வேண்டும், இரு பக்கத்துச் சாட்சிகளும் வந்து சேரவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் இரண்டாவது பதிவு நின்றுவிடும். குறைந்தது ஒரு வாரம் இடைவெளி வைப்பதே அறிவுடைமை.

கேரளத்துப் பக்கத்தில் நேரம் எடுப்பவை

விற்பனையை எப்போது தொடங்குவது என்பது, ஆவணங்கள் எப்போது தயாராகும் என்பதைப் பொறுத்தது. வாங்க ஆள் கிடைத்த பிறகு ஆவணம் தேடத் தொடங்குவதுதான் எல்லையோரத்தில் காணும் பெரும் தாமதம். ஆதாரம் எனப்படும் கிரயப் பத்திரம், முன் ஆதாரங்கள், நடப்பு ஆண்டுக் கரம் (நில வரி) கட்டிய ரசீது, கைவசச் சான்று, வில்லங்கச் சான்று, வீட்டுக்கு உள்ளாட்சி கொடுத்த எண், கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றை விலை பேசத் தொடங்கும் முன்பே ஒரு கோப்பில் சேர்த்துவிட வேண்டும். தந்தையின் பெயரில் வாங்கிய வீடு, அவர் காலமான பின் போக்குவரவு (வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம்) செய்யப்படாமலே இருக்குமானால், வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றிய பிறகே விற்பனை நகரும். இதற்குச் சில மாதங்கள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

சித்தூர் தாலுக்காவிலும் எழும் ஒரு சிக்கல், நெல்வயல் பற்றியது. கேரளத்தின் அடிப்படை வரிப் பதிவேட்டில் ஒரு மனை புரயிடம் (வீடு, தோட்டத்துக்கான மேட்டு நிலம்) என்று இருக்கிறதா, நிலம் (அங்கே நெல்வயலைக் குறிக்கும் சொல்) என்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளாக வீடு இருக்கும் மனைகூடப் பதிவேட்டில் வயலாகவே தொடரலாம். 2008 ஆம் ஆண்டின் கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, இப்படிப்பட்ட மனைகளுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குகின்றன. வாங்குபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் நம் விற்பனையும் நின்றுவிடும். வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் தன்மை மாற்றத்துக்கு விண்ணப்பித்து உத்தரவு வாங்க வேண்டும். அது வரும்வரை கோவையில் எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

உடன்பிறந்தவர் யாரேனும் வளைகுடா நாட்டில் இருந்து, அவருக்கும் வீட்டில் பங்கு இருந்தால், அவர் அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கும் (பவர் ஆஃப் அட்டர்னி) நேரம் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிட வேண்டும். வருமான வரிக் கணக்கில் அவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், அவருக்குரிய பங்கிலிருந்து வாங்குபவர் வரி பிடித்தம் செய்தாக வேண்டும். அதற்கு 50 லட்சம் என்ற வரம்பு கிடையாது. உண்மையான ஆதாயம் சிறிதாக இருந்தாலும் பிடித்தம் பெரிதாக இருக்கலாம் என்பதால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறுவது நல்லது. அந்தச் சான்று வர வாரக்கணக்கில் ஆகும்.

பழைய வீட்டின் மேல் கடன் இருந்தால் மூல ஆவணங்கள் வங்கியில் இருக்கும். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. இந்த 30 நாளையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் நம் பாக்கியை நேரடியாக வங்கிக்கே கட்டி, மீதியை நமக்குத் தரும் ஏற்பாடு வழக்கத்தில் உள்ளது. பாக்கித் தொகை இவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்துடன் இணைத்துவிட்டால் சந்தேகம் எழாது.

நம் வீட்டை வாங்குபவருக்கும் பணச்சுமை உண்டு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 48 லட்சம் காட்டிப் பதிவு செய்தால் அவருக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் தனியாக வேண்டும். அவர் தம்முடைய வீடு ஒன்றை விற்றுத்தான் நமக்குத் தரப்போகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அப்படியானால் அவருடைய தாமதம் நம் தாமதமாகும். அதற்குத் தக்கபடி புதிய வீட்டின் கெடுவை நீட்டி வைக்க வேண்டும்.

வாங்கும் பக்கத்துக்கு ஒரு குறிப்பு போதும். தமிழ்நாட்டில் மனைப்பிரிவு முறையான அங்கீகாரம் பெற்றதா என்பதும், அங்கீகாரமற்றதாக இருந்தால் 2016 அக்டோபர் 20 க்கு முந்தைய மனைகளுக்கான திட்டத்தில் வரன்முறை செய்யப்பட்டதா என்பதும் வங்கி வழக்கறிஞர் முதலில் பார்ப்பவை. பட்டா, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை வாங்கி, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வழக்கறிஞரின் கருத்தைப் பெற்றுவிட்டால் பிற்பாடு சில வாரங்கள் மிச்சமாகும்.

எந்த மாதம்

எல்லையின் இருபுறமும் நாள் பார்க்கும் வழக்கம் உண்டு. தமிழர்களின் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஏறத்தாழ ஒரே காலம்; ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை அச்சாரமும் பால் காய்ச்சுதலும் குறைவு. மார்கழியிலும் அப்படியே. நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, வாங்க வருபவர் பார்ப்பார் என்பதால் இது அட்டவணையைப் பாதிக்கும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். ஓட்டு வீடும் பழைய தளமும் உள்ளவர்கள் மழைக்கு முன்பே பழுது பார்த்துக் காட்டுவது நல்லது. இரு மாநிலங்களிலும் பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. ஆகவே பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, தை பிறந்ததும் ஆவணங்களுடன் விற்பனையைத் தொடங்கி, பங்குனி சித்திரையில் பழைய வீட்டைப் பதிவு செய்து, வைகாசியில் புதிய வீட்டுக்குள் நுழைவது வசதியான வரிசையாகும். இந்த வரிசை தவறி ஆனி வந்துவிட்டால், ஆடிக்குள் முடிக்கவேண்டும் என்று விலையைக் குறைக்காமல் ஆவணி வரை காத்திருப்பதே பெரும்பாலும் லாபம்.

வரியின் காலக்கணக்கு

வீட்டை விற்றவுடன் இன்னொன்று வாங்காவிட்டால் வரி போட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தில் அவசரப்பட்டு வாங்குபவர்களை அடிக்கடி காண்கிறோம். சட்டம் தரும் அவகாசம் அந்த அச்சத்தைவிட மிகப் பெரிது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த குடியிருப்பு வீட்டை விற்றால் கிடைப்பது நீண்டகால மூலதன ஆதாயம். 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54 ஆம் பிரிவின்படி, விற்ற நாளுக்கு ஓராண்டு முன்போ அந்நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ இந்தியாவில் ஒரு குடியிருப்பு வீட்டை வாங்கினாலும், மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலும், அந்த ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியுள்ளன. இந்தக் கால அளவுகள் மாறவில்லை. விற்றது கேரளம், வாங்கியது தமிழ்நாடு என்பதால் எந்த வேறுபாடும் இல்லை.

முதலில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது அந்த ஓராண்டு. 2025 ஜூன் 10 அன்று கோவை வீட்டைப் பதிவு செய்தவர், பழைய வீட்டின் கிரயத்தை 2026 ஜூன் தொடக்கத்துக்குள் முடித்தால்தான் விலக்குக் கிடைக்கும். ஓராண்டு முன்பே வாங்கலாம் என்று சட்டமே அனுமதிப்பதால், விற்ற அதே பணத்தைத்தான் புதிய வீட்டில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கடன் வாங்கிப் பெற்ற வீட்டுக்கும் விலக்கு உண்டு.

முதலில் விற்றவர்களுக்கு வேறொரு நாள் முக்கியம். 2025 நவம்பரில் விற்றவர் 2027 நவம்பர் வரை வாங்கலாம். ஆனால் அந்த நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள், பொதுவாக 2026 ஜூலை 31 க்குள், புதிய வீட்டுக்குச் செலவிடாமல் மீந்திருக்கும் ஆதாயத் தொகையை 1988 ஆம் ஆண்டின் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின் கீழ் வங்கியில் போட்டுவிட வேண்டும். போட வேண்டியது ஆதாயத்தை மட்டுமே, விற்பனை விலை முழுவதையும் அன்று. சாதாரணச் சேமிப்புக் கணக்கிலோ வைப்புத்தொகையிலோ வைத்திருப்பது செல்லாது. கிராமப்புறக் கிளைகளில் இந்தக் கணக்கைத் தொடங்க முடியாது என்பதால், எல்லையோரச் சிற்றூர்களில் வசிப்பவர்கள் நகரக் கிளைக்கே செல்ல வேண்டியிருக்கும். கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

விலக்கே கிடைக்காமல் போனாலும் வரி எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டால் மனம் அமைதியாகும். நம் எடுத்துக்காட்டு வீட்டை 2012-13 இல் எல்லாச் செலவும் சேர்த்து 18 லட்சத்துக்கு வாங்கியதாகவும், 2025-26 இல் விற்றதாகவும் வைப்போம். தரகு போக 47 லட்சத்து 4 ஆயிரம்; ஆதாயம் 29 லட்சத்து 4 ஆயிரம்; அதற்கு 12.5 சதவீதம் 3 லட்சத்து 63 ஆயிரம். 2024 ஜூலை 23 க்கு முன் வாங்கிய சொத்தாதலால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கக் குறியீட்டின்படியும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2012-13 இன் குறியீடு 200, 2025-26 இன் குறியீடு 376. பதினெட்டு லட்சம் 33 லட்சத்து 84 ஆயிரமாக உயர்கிறது. ஆதாயம் 13 லட்சத்து 20 ஆயிரம். 20 சதவீத வரி 2 லட்சத்து 64 ஆயிரம். இரண்டில் குறைந்ததையே, 4 சதவீத மேல்வரியுடன், கட்ட வேண்டும். ஆக, வரிக்குப் பயந்து பிடிக்காத வீட்டை 72 லட்சம் கொடுத்து வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

புதிய வீட்டைப் பதிவு செய்யும் நாளில் இன்னும் இரண்டு செய்திகள். விலையோ முத்திரை மதிப்போ 50 லட்சத்தை எட்டினால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துச் செலுத்த வேண்டும். 72 லட்சத்துக்கு அது 72,000 ரூபாய். பழைய வீடு 48 லட்சம் என்பதால் அங்கே இந்தப் பிடித்தம் வராது, ஆனால் இங்கே நாமே பிடித்தம் செய்யும் பொறுப்பில் இருக்கிறோம். அடுத்தது பெயர். கணவர் பெயரில் இருந்த வீட்டை விற்று மனைவி பெயரில் மட்டும் புதிய வீட்டை எழுதும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இப்படிச் செய்தால் விலக்கு உண்டா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்பளிக்கவில்லை. விற்றவரின் பெயரும் புதிய பத்திரத்தில் இருக்குமாறு கூட்டாக எழுதிவிட்டால் அந்த வழக்கே எழாது. தமிழ்நாட்டில் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று 2025 ஏப்ரல் முதல் வந்த சலுகை, 10 லட்சம் ரூபாய் வரையான சொத்துகளுக்கு மட்டுமே.

முதலில் வாங்கத் துணிந்தவர்களுக்கு வங்கிகள் சில, பழைய வீடு விற்கும்வரை பிரிட்ஜ் லோன் என்ற குறுகியகாலக் கடன் தருகின்றன. வட்டி வீட்டுக்கடனைவிடக் கூடுதல். தகுதி இருந்தால் அதைவிட, மாறும் வட்டியிலான வீட்டுக்கடனையே சற்றுப் பெரிதாக வாங்கி, பழைய வீடு விற்றதும் அந்தப் பணத்தை அசலில் கட்டிவிடுவது சிக்கனம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது. அசல் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைப்பதா, ஆண்டுகளைக் குறைப்பதா என்று வங்கியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வீட்டின் செலவால் களைத்திருக்கும் குடும்பத்துக்கு முதல் சில ஆண்டுகள் தவணை குறைவதே பெரிய உதவி.

பதிவுகள் முடிந்த பிறகு கேரளத்தில் வாங்கியவர் பெயருக்குப் போக்குவரவு ஆகிவிட்டதா என்றும், தமிழ்நாட்டில் நம் பெயருக்குப் பட்டா மாறிவிட்டதா என்றும் பார்த்துவிட வேண்டும். வரிவிலக்குப் பெற்ற புதிய வீட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால், முன்பு விலக்குப் பெற்ற தொகையை அதன் வாங்கிய விலையிலிருந்து கழித்துவிட்டே புதிய ஆதாயத்தைக் கணக்கிடுவார்கள். ஆகையால் இந்த வீடு பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் வாங்குபவர்கள், அந்த மூன்று ஆண்டுகளையும் இப்போதே தங்கள் அட்டவணையில் எழுதிக்கொள்ள வேண்டும்.